திட்டம் முடிந்தாலும் தரவு தொலையாதிருக்க: ஆய்வுத் திட்டத்தின் கடைசி ஆறு மாதத்துக்கு ஒரு வழிகாட்டி

திறந்த அறிவியல் என்று சொல்லித் தொடங்கிய ஒரு திட்டத்தின் வலைத்தளத்தை, அது முடிந்து மூன்று வருடம் கழித்துத் திறந்து பாருங்கள். பல நேரம் பக்கமே வராது. சில நேரம் அதே முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். கட்டுரையில் "தரவு எங்கள் தளத்தில் கிடைக்கும்" என்ற வரி மட்டும் மிஞ்சியிருக்கும். ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டால், அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வரும்.

இந்தக் குறிப்பு, அந்தக் கடைசிக் கட்ட வேலை தலையில் விழுந்திருப்பவர்களுக்கு: போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்), முனைவர் பட்ட மாணவர், திட்ட மேலாளர், யாராக இருந்தாலும். விதிகளும் நாள் கணக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பாவை வைத்துச் சொல்லப்பட்டவை. இந்திய நிதியில் வேலை பார்ப்பவர்களுக்கு மாறும் இடங்கள் பின்னால் தனியாக இருக்கின்றன.

எல்லா முடிவுக்கும் ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: பணம் நின்று, நீங்களும் வேலையை விட்டுப் போன மறுநாள் இது திறக்குமா? திறக்காது என்றால் அது இன்னும் திட்டத்தின் மடியில்தான் இருக்கிறது. வெளியே போய்ச் சேரவில்லை.

ஆறு மாதம் எதற்கு என்றால், திட்டக் காலத்துக்குள் நடந்த செலவை மட்டுமே கணக்கில் காட்ட முடியும். இறுதி அறிக்கை தயாரிக்கும் செலவுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதைவிடப் பெரிய காரணம் ஆட்கள். ஒப்பந்தம் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே அடுத்த வேலை கிடைத்தவர்கள் கிளம்பத் தொடங்கிவிடுவார்கள். தரவு அட்டவணையின் எந்தப் பத்தி (நெடுவரிசை) எதைக் குறிக்கிறது என்பது அவர்கள் தலைக்குள்தான் இருக்கும்.

1. கணக்கெடுங்கள் (முடிவுக்கு 6 மாதம் முன்)

ஒரு விரிதாளைத் திறந்து, திட்டத்தில் உருவான ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போடுங்கள். பத்திகள்: என்ன, இப்போது எங்கே இருக்கிறது, யாருடைய கணக்கில், எத்தனை ஜிபி, உரிமை யாருக்கு, வெளியே யாருக்குப் பயன்படும், இனி என்ன செய்யப்போகிறோம்.

தரவுத் தொகுப்பையும் நிரலையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். விட்டுப்போவது வேறு: வினாத்தாள், நேர்காணல் வழிகாட்டி, பயிற்சிப் பட்டறையின் ஸ்லைடுகள், பயிற்றுவித்த மாடல் கோப்புகள், படங்களின் மூலக் கோப்பு, யூடியூப் காணொளிகள், கூகுள் ஃபார்மில் வந்த பதில்கள். பல திட்டங்களில் பிறர் அதிகம் கேட்டு வருவது தரவை அல்ல; பரிசோதித்துச் சீராக்கிய வினாத்தாளைத்தான்.

கடைசிப் பத்தியில் மூன்று விடைகள்தான்: வைக்கிறோம், வேறு ஒருவரிடம் கொடுக்கிறோம், மூடுகிறோம். எல்லாவற்றையும் காப்பாற்றக் கிளம்பினால் எதுவும் உருப்படியாக மிஞ்சாது. யாரும் பயன்படுத்தாத ஊடாடும் வரைபடத்தை மூடிவிட்டு, அதன் அடியிலிருக்கும் அட்டவணையைக் காப்பாற்றுவது நல்ல முடிவு.

2. அனுமதிகளை முடியுங்கள் (6 முதல் 4 மாதம் முன்)

இருப்பதிலேயே மெதுவாக நகரும் படி இதுதான். உங்கள் கையில் இல்லாத ஆட்களின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் தரவைச் சுத்தம் செய்வதற்கும் முன்பே இதைத் தொடங்குங்கள்.

மனிதர்களிடம் திரட்டிய தரவு என்றால், முதலில் எடுக்க வேண்டிய ஆவணம் அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம். "திட்டம் முடிந்ததும் தரவு அழிக்கப்படும்" என்றோ "ஆய்வுக்குழு மட்டுமே பார்க்கும்" என்றோ அதில் இருந்தால், பெயரை நீக்கிவிட்டோம் என்று சொல்லி வெளியிட முடியாது. மீண்டும் அவர்களைத் தொடர்புகொண்டு புது ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு நெறிக்குழுவின் அனுமதியும் தேவைப்படும். நேரம் இல்லையென்றால், தொகுத்த அட்டவணைகளை மட்டும் வெளியிட்டு, மூலத்தை மூடிய அனுமதியில் வையுங்கள். ஹொரைசன் விதியே "முடிந்தவரை திறந்து, தேவையான அளவு மூடி" என்றுதான் சொல்கிறது. மூடுவது தவறில்லை, காரணத்தைத் தரவு மேலாண்மைத் திட்டத்தில் எழுதாமல் மூடுவதுதான் தவறு.

பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஊர், வயது, தொழில் மூன்றும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். சிறிய ஊரில் ஒரே ஒரு கால்நடை மருத்துவர்தான் இருப்பார். வயதை ஐந்தாண்டு இடைவெளிகளாகவும், ஊரை மாவட்டமாகவும் மாற்றுங்கள். ஒலிப்பதிவில் குரலே அடையாளம் என்பதால் அதை அப்படியே திறந்து வைக்க முடியாது.

கூட்டாளி நிறுவனங்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஹொரைசன் ஐரோப்பா நிதி ஒப்பந்தத்தின்படி, வெளியிடுவதற்குக் குறைந்தது 15 நாள் முன் அறிவிப்பு. உங்கள் கூட்டமைப்பு ஒப்பந்தம் இதைவிட நீண்ட காலம் வைத்திருக்கலாம். அப்படியானால் அதுதான் செல்லும். இந்தக் கெடுவை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் வெளியிடப் பார்த்தால், ஒரே ஒரு கூட்டாளியின் ஆட்சேபம் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். காப்புரிமைக்கு வாய்ப்புள்ள முடிவு என்றால் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தை முதலில் கேளுங்கள். ஐரோப்பாவில் விண்ணப்பத்துக்கு முன் வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விட்டது என்றுதான் பொதுவாகக் கொள்ளப்படும்.

இனி உரிமம். தரவுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் சிசி-பிஒய் 4.0 (பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்) அல்லது சிசி-ஜீரோ (எந்த நிபந்தனையும் இல்லை). ஹொரைசன் ஐரோப்பா கேட்பதும் இவற்றையோ இவற்றுக்கு இணையானதையோதான். ஸ்லைடு, கையேடு போன்றவற்றுக்கு சிசி-பிஒய். நிரலுக்கு எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் என்ற திறமூல உரிமங்களில் ஒன்று. நிரலுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போடாதீர்கள்; அந்த அமைப்பே அதைப் பரிந்துரைப்பதில்லை.

இங்கே மூன்று பொறிகள். உரிமக் கோப்பே இல்லாமல், நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்ட நிரலைச் சட்டப்படி யாரும் நகலெடுத்துப் பயன்படுத்த முடியாது. கண்ணால் பார்க்கலாம், கிட்ஹப்புக்குள்ளேயே கிளை பிரிக்கலாம், அவ்வளவுதான். "வணிகம் கூடாது" என்ற நிபந்தனை பெரிய நிறுவனங்களை மட்டும் தடுப்பதில்லை. பாடநூல் பதிப்பாளர், செய்தித்தாள், கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையம் என்று நீங்கள் சென்று சேர விரும்பியவர்களையே தயங்க வைக்கும். மூன்றாவது, பிறரிடமிருந்து எடுத்தது: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த உலக வரைபடத்திலிருந்து பிரித்தெடுத்த தரவுத்தளம் உங்கள் தொகுப்பில் கலந்திருந்தால், அது அந்த வரைபடத்தின் ஓடிபிஎல் உரிமத்தில்தான் வெளிவர வேண்டும். சிசி-ஜீரோ என்று எழுத உங்களுக்கு உரிமை கிடையாது.

3. எந்தக் களஞ்சியம்

களஞ்சியம் என்பது தரவை நீண்ட காலம் பாதுகாத்துத் தரும் இணைய ஆவணகம். உங்கள் துறையினர் ஏற்கெனவே தேடும் இடம் இருந்தால் அங்கேதான் வைக்க வேண்டும். மரபணு வரிசை என்றால் ஐரோப்பிய நியூக்ளியோடைட் ஆவணகமோ ஜென்பேங்கோ. உயிரினப் பதிவுகள் என்றால் ஜிபிஐஎஃப். புவி, கடல் தரவு என்றால் பேன்ஜியா. மொழித் தரவு என்றால் கிளாரின் மையங்கள். துறை சார்ந்த இடங்களில் நேரம் அதிகம் பிடிக்கும். ஜிபிஐஎஃப்-இல் தனிநபர் பதிவேற்ற முடியாது. உங்கள் நிறுவனம் வெளியீட்டாளராக ஏற்கப்பட வேண்டும். பேன்ஜியாவில் பொறுப்பாளர்கள் ஒவ்வொரு தொகுப்பையும் பார்த்துத் திருத்தம் கேட்பார்கள். இரண்டு மூன்று மாதத்தை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

துறைக் களஞ்சியம் இல்லையென்றால் எல்லாத் துறைக்கும் பொதுவான ஜெனோடோ. செர்ன் நடத்துகிறது, கட்டணம் இல்லை, ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 கோப்பு வரை. ஹொரைசன் திட்டங்களுக்கென்றே ஜெனோடோவுக்குள் ஐரோப்பிய ஒன்றியத் திறந்த ஆய்வுக் களஞ்சியம் என்ற பகுதி இருக்கிறது. அதன் கீழ் உங்கள் திட்டத்துக்கென்று ஒரு சமூகப் பக்கத்தைத் திறந்துகொள்ளலாம். இதே போன்ற டிரையாட் களஞ்சியம் கட்டணம் வாங்கும், சிசி-ஜீரோ மட்டுமே ஏற்கும். ஃபிக்‌ஷேரில் இலவசக் கணக்குக்கு 20 ஜிபி.

ஒரே தொகுப்பை இரண்டு களஞ்சியத்தில் போட்டு இரண்டு டிஓஐ (இணைப்பாகவும் திறக்கும் மாறாத அடையாள எண்) வாங்காதீர்கள். மேற்கோள்கள் இரண்டாகப் பிரியும். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துபோவீர்கள்.

கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், பல்கலைக்கழகப் பகிர்வுக் கோப்புறை எதுவும் களஞ்சியம் அல்ல. தொடக்கத்தில் சொன்ன 'மறுநாள் திறக்குமா?' என்ற கேள்வியை இவற்றிடம் கேட்டுப் பாருங்கள்.

4. தரவைத் தயார் செய்யுங்கள் (4 முதல் 2 மாதம் முன்)

அட்டவணைகளை யூடிஎஃப்-8 சிஎஸ்வி கோப்பாக (எந்த மென்பொருளும் திறக்கும் எளிய உரை அட்டவணை) மாற்றுங்கள். எக்செல்லில் நிறம் பூசிப் பொருள் சொல்லியிருந்தால், "மஞ்சள் என்றால் சந்தேகம்" என்பது போல, மாற்றும்போது அந்த நிறம் போய்விடும். அதற்குத் தனிப் பத்தி சேர்த்த பிறகே மாற்றுங்கள். தேதியை 2025-04-03 என்ற வடிவில் எழுதுங்கள். 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்று ஐந்து வருடம் கழித்து யாரும் சொல்ல முடியாது. எக்செல் தானாகத் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காக மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே பெயர்க்குழு மாற்றி, 2020-இல் அதற்கான நெறிமுறையும் வெளியிட்டது. உங்கள் குறியீட்டு எண்களுக்கும் அந்தக் கதி வந்திருக்கலாம், ஒரு முறை பாருங்கள். விடுபட்ட மதிப்புக்கு வெற்றுக் கட்டம், 0, கோடு, -99 என்று நாலு வகை கலந்திருந்தால் ஒன்றாக்குங்கள்.

தமிழில் கள ஆய்வு செய்தவர்களுக்குத் தனி எச்சரிக்கை. எழுத்தாக்கம் செய்த நேர்காணல்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், அது கணினிக்குத் தமிழே அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், தேடவும் முடியாது. யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் இடையில் வந்த ஆங்கிலச் சொற்களையும் எண்–குறிகளையும் சேர்த்துத் தமிழாக்கிக் குழப்பிவிடும். முதல் சில கோப்புகளை வரி வரியாகப் பாருங்கள். மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். தமிழ் உள்ள சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் எக்செல் திறக்கும்போது புரியாத குறிகளாகத் தெரிந்தால் தரவு கெட்டுப்போகவில்லை. கோப்பின் தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி இல்லாததால் எக்செல் அதை யூடிஎஃப்-8 என்று அறியவில்லை, அவ்வளவுதான். அந்த நிலையிலேயே சேமித்துவிடாதீர்கள்; எக்செல்லின் தரவு இறக்குமதி வழியாக யூடிஎஃப்-8 என்று குறித்துத் திறந்து, பிறகு "சிஎஸ்வி யூடிஎஃப்-8" தெரிவில் சேமித்தால் சரியாகும்.

அடுத்து ரீட்மீ, அதாவது தரவோடு கூடவே வைக்கும் விளக்கக் கோப்பு. எளிய உரைக் கோப்பாக எழுதுங்கள், வேர்டு வேண்டாம். இதில் இருக்க வேண்டியவை: தலைப்பு, ஆசிரியர்கள், அவர்களின் ஆர்க்கிட் எண்கள் (ஆய்வாளர் அடையாள எண்), எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த இடத்தில் திரட்டியது, எந்தக் கருவி, ஒவ்வொரு கோப்பும் என்ன, ஒவ்வொரு பத்தியின் பெயர்–பொருள்–அலகு–ஏற்கும் மதிப்புகள், விடுபட்டதற்கான குறி, செய்த திருத்தங்கள், உரிமம், நிதி ஒப்பந்த எண். கூடவே, பலரும் எழுதாத ஒன்று: இந்தத் தரவை எதற்குப் பயன்படுத்தக் கூடாது. "2022 மழைக்காலத்தில் மூன்றாவது உணரி பழுது, அந்த மாத அளவுகளை நம்ப வேண்டாம்" என்ற ஒரு வரி, பிறர் பல வாரம் வீணாக்குவதைத் தடுக்கும்.

நடுத்தரத் தொகுப்பு ஒன்றின் ரீட்மீக்கு முழுதாக இரண்டு நாள் வேண்டும். எழுதி முடித்ததும் திட்டத்தில் இல்லாத ஒருவரிடம் கோப்புறையைக் கொடுத்து, கட்டுரையின் ஒரு அட்டவணையை மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ரீட்மீயில் விட்டுப்போன வரி.

5. ஜெனோடோவில் ஏற்றுங்கள் (2 மாதம் முன்)

முதலில் ஜெனோடோவின் சோதனைத் தளத்தில் ஒத்திகை பாருங்கள். அதற்குத் தனிக் கணக்கு தேவை. அங்கே கிடைக்கும் டிஓஐ போலி. அதைத் தவறிப்போய்க் கட்டுரையில் ஒட்டிவிட வேண்டாம்.

உண்மைத் தளத்தில் புதிய பதிவு திறந்ததும், டிஓஐ ஏற்கெனவே இருக்கிறதா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லி, முன்கூட்டியே எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த எண்ணை ரீட்மீயிலும் கட்டுரையின் தரவு அறிவிப்பிலும் எழுதிவிட்டுப் பிறகு கோப்புகளை ஏற்றலாம். வெளியிடும் பொத்தானை அழுத்தும்வரை அந்த எண் வேலை செய்யாது. கட்டுரை அச்சாகியும் பதிவு வரைவாகவே கிடப்பது நிறைய நடக்கிறது.

ஏற்றும் நேரத்தைக் கணக்கிடுங்கள். நொடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகம் என்றால் 50 ஜிபிக்குக் குறைந்தது 11 மணி நேரம். உலாவி நடுவில் அறுந்தால் அந்தக் கோப்பை முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். எனவே 5 ஜிபி துண்டுகளாகப் பிரியுங்கள், அல்லது ஏபிஐ (உலாவி இல்லாமல் நிரல் மூலம் இணைக்கும் வழி) வழியாக, கம்பி இணைப்பில், அலுவலகத்திலிருந்து ஏற்றுங்கள். 100 கோப்புக்கு மேல் இருந்தால் ஜிப் செய்யத்தான் வேண்டும். ஆனால் ரீட்மீயை ஜிப்புக்கு வெளியே வையுங்கள். 30 ஜிபியை இறக்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

மெட்டாடேட்டாவில், அதாவது பதிவைப் பற்றிய விவரப் புலங்களில், சோம்பல் படாதீர்கள். நிதிப் புலத்தில் உங்கள் ஒப்பந்தத்தின் ஒன்பது இலக்க எண்ணைத் தேடித் தேர்ந்தெடுங்கள். விளக்கப் பகுதியில் "நிதி உதவிக்கு நன்றி" என்று எழுதினால் அது மனிதருக்கு மட்டுமே தெரியும். புலத்தில் தேர்ந்தெடுத்தால்தான், ஆய்வு வெளியீடுகளைத் திரட்டும் ஓப்பன்எயர் அதைப் பிடித்து உங்கள் திட்டத்தோடு இணைக்கும். தொடர்புடைய படைப்புகள் என்ற புலத்தில் கட்டுரை, நிரல் இரண்டின் டிஓஐயும் போடுங்கள்.

வெளியிட்ட பின் தலைப்பு, விளக்கம், ஆசிரியர் வரிசை எல்லாவற்றையும் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். கோப்பை மாற்ற வேண்டுமென்றால் பொதுவாகப் புதுப் பதிப்புதான். ஆகவே ஆளை அடையாளம் காட்டும் கோப்பு உள்ளே போய்விட்டதா என்று பொத்தானை அழுத்துமுன் இருவர் பாருங்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு டிஓஐ, எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக ஒரு டிஓஐ என இரண்டு கிடைக்கும். கட்டுரையில் பதிப்பின் எண். வலைத்தளம், விளம்பரத் தாள், ஸ்லைடில் பொது எண்.

திட்டச் சமூகப் பக்கத்துக்குப் பரிசீலனைக்கு அனுப்பிய புதுப் பதிவு, பொறுப்பாளர் ஏற்கும்வரை வெளிவராது. அந்தப் பொறுப்பாளர் போன மாதம் வேலையை விட்டுப் போன போஸ்ட்டாக் என்றால் பதிவு அப்படியே கிடக்கும். இப்போதே குறைந்தது இரண்டு நிரந்தர ஊழியர்களைப் பொறுப்பாளர்களாகச் சேருங்கள்.

6. நிரலைக் காப்பாற்றுங்கள்

கிட்ஹப் வேலை செய்யும் இடம்; ஆவணகம் அல்ல. உரிமையாளர் நினைத்தால் ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம். அதனால் இரண்டு நகல்கள்.

முதல் நகல் ஜெனோடோவில். ஜெனோடோவின் கிட்ஹப் பக்கத்தில் உங்கள் நிரலகத்துக்கு (நிரல் இருக்கும் கோப்புறை) எதிரே உள்ள சுவிட்சைப் போட்டுவிட்டு, பிறகு கிட்ஹப்பில் ஒரு வெளியீடு (ரிலீஸ்) செய்யுங்கள். வரிசை முக்கியம்: சுவிட்ச் போடுவதற்கு முன் செய்த வெளியீடுகளை அது எடுக்காது. துணை நிரலகங்களாக இணைத்தவற்றின் உள்ளடக்கமும் இந்த நகலில் வராது. அவற்றைத் தனியாகப் பதியுங்கள். இரண்டாவது நகல் சாஃப்ட்வேர் ஹெரிடேஜில். பிரான்ஸின் இன்ரியா 2016-இல் தொடங்கிய இந்த ஆவணகத்தில், நிரலகத்தின் முகவரியை ஒட்டிச் சேமிக்கச் சொன்னால் போதும். முழு மாற்ற வரலாற்றோடும் எடுத்துக்கொள்ளும். கட்டணம் இல்லை, கணக்கும் தேவையில்லை.

நிரலகத்தில் ரீட்மீ, உரிமக் கோப்பு, சைட்டேஷன் சிஎஃப்எஃப் கோப்பு (மேற்கோள் விவரம்) மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது இருந்தால் "இதை மேற்கோள் காட்டுக" என்ற பொத்தானைக் கிட்ஹப்பே காட்டும். ஜெனோடோவும் ஆசிரியர் விவரத்தை அதிலிருந்தே எடுக்கும். ஜெனோடோவுக்கென்று தனியாக ஜேசன் கோப்பும் வைத்திருந்தால் அதுதான் வெல்லும், ஆகவே இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள்.

நிரல் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் சார்புத் தொகுப்புகளின் (உங்கள் நிரல் நம்பியிருக்கும் பிறர் நிரல்கள்) பதிப்பு மாறிப்போவது. பைதான் என்றால் ஒவ்வொன்றின் பதிப்பையும் இரட்டைச் சமக்குறி போட்டு நிறுத்துங்கள். ஆர் மொழி என்றால் பதிப்புகளைக் குறித்துவைக்கும் ரென்வ் பூட்டுக் கோப்பு. பிறகு புதுக் கணினியில், உங்கள் மடிக்கணினியில் அல்ல, ரீட்மீயை மட்டும் வைத்து நிறுவிப் பாருங்கள். உங்கள் பயனர் பெயரோடு கூடிய கோப்புப் பாதை எங்காவது ஒளிந்திருப்பது அப்போதுதான் தெரியும். கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ பழைய மாற்றங்களில் இருந்தால் அழிப்பதோடு நிற்காமல் அந்தச் சாவியையே செல்லாததாக்குங்கள். வரலாறு எங்கும் போகாது.

தினமும் தானாக ஓடித் தரவைப் புதுப்பிக்கும் கிட்ஹப் ஆக்‌ஷன் வைத்திருக்கிறீர்களா? பொது நிரலகத்தில் 60 நாள் எந்த மாற்றமும் இல்லையென்றால் கிட்ஹப் அதை நிறுத்திவிடும். நீங்கள் போன சில மாதத்தில் அது நின்றுவிடலாம்.

ஒரு யோசனை: உங்கள் நிரல் ஏற்கெனவே பிரபலமான தொகுப்புக்குள் ஒரு பகுதியாகச் சேரக்கூடியது என்றால், தனிக்கடை வைக்காமல் அங்கே கொடுத்துவிடுங்கள். பெயர் சிறிதாகும், ஆயுள் நீளும்.

7. வலைத்தளம்

வேர்டுபிரஸ் தளத்தை அப்படியே விட்டுப் போகாதீர்கள். செருகுநிரல்களைப் புதுப்பிக்க ஆளில்லாத தளம் ஊடுருவப்படும். பல்கலைக்கழக ஐடி பிரிவு முன்னறிவிப்பின்றி மூடிவிடும், அதில் அவர்கள் தவறும் இல்லை. தளத்தை நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றுங்கள். சிம்ப்ளி ஸ்டாட்டிக் செருகுநிரல் இதைச் செய்யும். தேடல் பெட்டி, தொடர்புப் படிவம், கருத்துப் பகுதி இவை வேலை செய்யா, நீக்கிவிடுங்கள். மாற்றிய பக்கங்களைக் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைக்கலாம், 1 ஜிபிக்குள். ஒவ்வொரு முக்கியப் பக்கத்தையும், இணையப் பக்கங்களின் நகலைக் காக்கும் வேபேக் மெஷினில் சேமித்துவையுங்கள்.

டொமைன் பெயரை யார் பெயரில், யார் கடன் அட்டையில் வாங்கியிருக்கிறீர்கள் என்று இன்றே பாருங்கள். தனிநபர் பெயரில் இருந்தால் நிறுவனத்துக்கு மாற்றுங்கள். டாட் ஆர்க் (.org) என்று முடியும் பெயரை ஒரே நேரத்தில் 10 வருடம் வரை புதுப்பிக்கலாம். வருடத்துக்குச் சுமார் 10 முதல் 20 டாலர். ஆனால் பத்து வருடக் கட்டணத்தையும் திட்டக் கணக்கில் எழுதினால், திட்டம் முடிந்த பிறகான சேவைக்குப் பணம் எப்படி என்று தணிக்கையாளர் கேட்பார். நிதி அலுவலரிடம் முன்பே பேசி, துறையின் கணக்கில் போடச் சொல்லுங்கள். யாரும் ஏற்கவில்லையென்றால் டொமைன் உயிரோடு இருக்கும்போதே கட்டுரை, சமூக ஊடகம், கூட்டாளிகளின் பக்கங்கள் எல்லாவற்றிலும் இணைப்பை டிஓஐக்கு மாற்றிவிடுங்கள். கைவிட்ட பெயரை வாங்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் இணைப்புக் கொடுத்த பெயர் என்றால் அதற்கு மதிப்பு அதிகம்.

சுருக்க இணைப்புகளை நம்ப வேண்டாம். கூகுளின் சுருக்க இணைப்புகளில் பயன்பாட்டில் இல்லாதவை 2025 ஆகஸ்ட் 25-இல் நிறுத்தப்பட்டன. போஸ்டரில் அச்சிட்ட க்யூஆர் குறியும் நேராக டிஓஐக்கே போகட்டும். ஊடாடும் செயலிகளுக்கும் இதே கதைதான்: செயலிகளை இணையத்தில் ஓட்டித் தரும் ஹெரோக்குவின் இலவசத் திட்டம் 2022 நவம்பர் 28-இல் நின்றபோது அதில் ஓடிய ஆய்வுச் செயலிகளும் நின்றன. செயலியைப் பத்து நிமிடக் காணொளியாகப் பதிவுசெய்து, நிரலோடு ஜெனோடோவில் வையுங்கள். செயலி போனாலும் அது என்ன செய்தது என்பதாவது தெரியும்.

8. தாமதமாக வரும் கட்டுரைகள்

முக்கியமான கட்டுரை திட்டம் முடிந்து எட்டு மாதம் கழித்துதான் ஏற்கப்படும், இது வழக்கம். அப்போது வரும் வெளியீட்டுக் கட்டணத்தைத் திட்டக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் உடனடித் திறந்த அணுகல் என்ற கடமை அப்போதும் உண்டு. கலப்பு இதழ்களின் (சந்தாவும் வாங்கி, சில கட்டுரைகளை மட்டும் திறக்கும் இதழ்கள்) கட்டணம் திட்டக் காலத்திலும்கூட ஏற்கப்படாது. வழிகள் மூன்று: ஐரோப்பிய ஆணையம் தொடங்கிய, ஹொரைசன் ஆசிரியர்களிடம் கட்டணம் வாங்காத ஓப்பன் ரிசர்ச் யூரோப்பில் வெளியிடுவது, ஆசிரியரிடமும் வாசகரிடமும் பணம் வாங்காத இதழைத் தேர்வது, அல்லது ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியை வெளியான அன்றே சிசி-பிஒய் உரிமத்தில் களஞ்சியத்தில் போடுவது. மூன்றாவதற்கு, அந்த உரிமையைத் தக்கவைப்பதாக ஒரு வாக்கியத்தைக் கட்டுரையை அனுப்பும்போதே அதில் சேர்த்திருக்க வேண்டும். பதிப்பாளரின் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

9. சாவிகளை ஒப்படையுங்கள் (கடைசி மாதம்)

கிட்ஹப் அமைப்பு, ஜெனோடோ பதிவுகள், டொமைன், யூடியூப், சமூக ஊடகம், திட்ட மின்னஞ்சல்: ஒவ்வொன்றுக்கும் நிரந்தர வேலையில் இருக்கும் இரண்டு பேர். ஒருவர் போதாது. ஜெனோடோவில் பதிவேற்றியவரே உரிமையாளர் என்பதால், நிர்வகிக்கும் உரிமையை மற்றவரோடு இப்போதே பகிருங்கள். இரட்டைச் சரிபார்ப்பு ஒருவருடைய கைபேசியில் இருந்தால் அவரோடு அந்தக் கணக்கும் போய்விடும். மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுத் துறை அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள்.

உங்கள் ஆர்க்கிட் கணக்கில் சொந்த மின்னஞ்சலையும் சேருங்கள். பல்கலைக்கழக முகவரி மூடிய பிறகு நுழைய வேறு வழி இருக்காது. டிஓஐ பதியும் அமைப்பான டேட்டாசைட்டுக்கு அனுமதி கொடுத்துவைத்தால் புது டிஓஐகள் தானாக உங்கள் பதிவில் சேரும். தொடர்பு மின்னஞ்சல் எழுதும் இடமெல்லாம் தனிநபர் முகவரிக்குப் பதில் துறையின் பொது முகவரியைக் கொடுங்கள்.

10. நிதி தந்தவர்களுக்கு

இறுதி அறிக்கை, காலம் முடிந்த 60 நாளுக்குள். அதற்கு முன் ஒன்றியத்தின் இணையவாசலில் வெளியீடுகள், தரவு, முடிவுகள் எல்லாவற்றையும் டிஓஐயோடு பதிந்துவிடுங்கள்; ஓப்பன்எயர் வழியாக வந்தவற்றை ஏற்றுக்கொண்டால் போதும், இல்லாததைக் கையால் சேருங்கள். முடிவுகள் பயன்பாட்டுக்கு வர முயலும் கடமை திட்டம் முடிந்து நான்கு ஆண்டு வரை நீடிக்கிறது. ஓராண்டுக்குள் யாரும் பயன்படுத்தவில்லை என்றால் ஹொரைசன் ரிசல்ட்ஸ் பிளாட்ஃபார்மில் பதிய வேண்டும். அங்கே ஆய்வுச் சுருக்கத்தை ஒட்டாதீர்கள். யாருக்கு, எந்தச் சிக்கலுக்கு, எந்த நிலையில் இருக்கிறது, உங்களுக்கு என்ன தேவை என்று நாலு பத்தி எழுதுங்கள்.

இந்திய நிதியில் வேலை செய்கிறீர்கள் என்றால்: அறிவியல்–தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை இரண்டும் 2014-இல் வெளியிட்ட கொள்கை, இதழ் ஏற்ற இரண்டு வாரத்துக்குள் இறுதிக் கையெழுத்துப் படியைக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்கிறது. உயிரியல் தரவுக்கு ஃபரீதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தைப் பாருங்கள். திட்ட உதவியாளர் நியமனம் திட்டத்தோடு முடிவதால், பயன்பாட்டுச் சான்றிதழும் செலவு அறிக்கையும் ஓடிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில்தான் தரவு வேலையும் வந்து விழும். அதனால் 4-ஆம், 5-ஆம் படிகளை இன்னும் ஒரு மாதம் முன்னுக்குத் தள்ளுங்கள்.

11. வருடத்துக்கு ஒரு மணி நேரம்

வேலை மாறினாலும் உங்கள் சொந்த நாட்காட்டியில் வருடம் ஒரு நாளைக் குறித்துவையுங்கள். எல்லா டிஓஐயும் திறக்கிறதா, டொமைன் எப்போது காலாவதி, கிட்ஹப்பில் யாராவது கேள்வி கேட்டிருக்கிறார்களா, இரண்டு சாவிக்காரர்களில் யாராவது ஓய்வு பெற்றுவிட்டார்களா என்று பாருங்கள். நிரலைப் பராமரிக்க இனி ஆளில்லை என்று தெரிந்ததும் ரீட்மீயின் முதல் வரியில் அதை எழுதி, யார் வேண்டுமானாலும் கிளை பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லி, நிரலகத்தை வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு யாரும் கேள்வி பதிய முடியாது. ஆகவே நிலுவையில் உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டு அதைச் செய்யுங்கள்.